நாற்பத்தோரு ஸ்கூட்டர்

குலசேகரத்துக்கு மேற்கே, கையுறை கம்பெனி.
இரவு பத்தேகாலுக்குச் சங்கு ஊதும்.
அமோனியா நாறும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி
நாறும் கையோடேயே வெளியே வருவோம்.

வண்டி நிறுத்தும் இடம் என்று பலகை உண்டு.
இடம் என்றால்
வெட்டாமல் விட்ட பதினாலு ரப்பர் மூடு,
ஒரு பாதிச் சுவர்,
சுவர் முடிகிற மூலையில்
யாரோ நடந்து நடந்து போட்ட தடம்.

ஆவணியில் ரப்பர் காய் வெடிக்கும்.
டப்பென்று ஒரு சத்தம்.
காயா காலடியா என்று தெரிய
மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும்.

முதலில் போனது பெட்ரோல்.
புஷ்பலீலாவின் வண்டி திற்பரப்பு ஏற்றத்தில் நின்றுவிட்டது.
உருட்டி உருட்டி வீடு சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.
மாப்பிள்ளை கேட்டது
பெட்ரோலைப் பற்றி அல்ல.

பிறகு ஹெல்மெட் இரண்டு, ஒரு மழைக்கோட்டு.
சுனிதாராணியின் சீட்டில் பிளேடுக் கோடு.
பிறகு ஒருநாள் எதுவுமே போகவில்லை.
என் வண்டியின் கண்ணாடி மட்டும் திரும்பியிருந்தது,
பின்னால் நிற்பவனுக்கு
என் முகம் தெரிகிற கோணத்தில்.

எழுதிக் கொடுத்தோம்.
ஜெயசிங் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"வண்டி அவங்கவங்க பொறுப்பு.
பலகையில எழுதியிருக்குல்லா, வாசிக்கலியா?"
ராத்திரியில் வாசிக்கிற அளவுக்காவது
ஒரு லைட் வேண்டும் என்று
அதே தாளின் அடியில் சேர்த்தோம்.

வாச்சர் தங்கசுவாமியை நான் குறை சொல்ல மாட்டேன்.
ஒரு ஆள், இரண்டு கேட், பன்னிரண்டு மணி நேரம்.
டார்ச்சை உள்ளங்கையில் தட்டித் தட்டி எரிய வைப்பார்.
விசில் உண்டு.
"ஊதினா ஆரு வருவா?" என்பார்.
நியாயமான கேள்வி.

புரட்டாசியில் சாரின் புதுக் காரில்
வலப்பக்கக் கண்ணாடியை யாரோ முறித்துப் போட்டான்.
மூன்றே நாள்.
நாகர்கோவிலிலிருந்து ஏணியோடு ஆள் வந்தது.
நாலு கேமரா. நாலும் காரைப் பார்த்தன.
காருக்கு மேலே கல்யாண வீடு தோற்கும் வெளிச்சம்.
அந்த வெளிச்சத்தால்
எங்கள் பக்கம் இன்னும் கறுத்தது.

யார் யோசனை என்று கேட்டால்
ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.
நான் கண்டது இது:
மதியம் இரண்டுக்கு ஜெபஷீலா
மூட்டின் அடியில் வண்டியை விடவில்லை.
நேரே உருட்டிப் போய்
கார்க் கதவோரம் ஸ்டாண்ட் போட்டாள்.
அவளை ஒட்டி லீலா. லீலாவை ஒட்டி நான்.
நாற்பத்தோரு ஸ்கூட்டர்
காதோடு காது தொட்டு
காரைச் சுற்றி நின்றன.
பலகையை இன்னொருமுறை வாசித்தோம்,
தடை ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆறு மணிக்கு சார் இறங்கினார்.
உள்ளே பீங்கான் கைகள் வரிசையாய் நகர்ந்துகொண்டிருந்தன,
நாங்கள் ரப்பர் கைகளை உருவிக்கொண்டிருந்தோம்.
ஹார்ன் கேட்டது.
மறுபடி கேட்டது.
சங்கு பத்தேகாலுக்குத்தானே.
சார் அருமனைக்கு ஆட்டோவில் போனார்.
ஆட்டோக்காரன் கேட்ட துகையைத் தங்கசுவாமி
ஒரு வாரம் எல்லாரிடமும் சொன்னார்,
ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் கூட்டி.

இரண்டு கம்பம் வந்தது.
ஒரு கேமரா எங்கள் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.
சுவருக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்களாம்.
தங்கசுவாமிக்குத் துணை ஆள் கேட்டோம்,
புது பாட்டரி வந்தது.

திருடியது ஆரென்று இன்றும் தெரியாது.
விளக்கு எரிந்த முதல் இரவில் கண்டது
ஒரு முழம் டியூப், பீடிக் கட்டைகள்,
சுவருக்கு அந்தப்பக்கம்
ஒரு ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு
புல் எழும்பாத வட்டம்.
சுனிதாராணி செருப்பால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தாள்.
"கெடக்கட்டு பிள்ளே, கேமராவுல தெரியட்டு"
என்றாள் லீலா.

நேற்றும் சாவியை
விரலிடுக்கில், முனை வெளியே நீட்டித்தான்
பிடித்துக்கொண்டு வந்தேன்.
இப்போது அதன் நிழல்
தரையில் தெரிகிறது.