பின்வழி

முதல் நாள் எண்பத்தாறு ஸ்லைடு ஓட்டினேன்.
பன்னிரண்டாவதில் ஆரோக்கியத்தின் தாடை நெஞ்சைத் தொட்டது.
முப்பதாவதில் பள்ளத்தூர் மின்பிரிவு முழுக்க உறங்கியது,
மின்விசிறியும் நானும் தவிர.
சாப்பாட்டு மணிக்கு மட்டும்
எல்லோரும் ஒரே நொடியில் விழித்தார்கள்.
அதை யார் பயிற்றுவித்தார்களோ.

இரண்டாம் நாள் கைபேசியில் வினாடி வினா.
சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு,
ஜெயித்தால் திரையில் ஒரு தங்கக் கோப்பை சுழலும்.
வயர்மேன் சேவுகன் இருபதுக்கு இருபது.
மேசைக்கடியில் இன்னொரு போன்;
அதில் மகள். பிளஸ் டூ, இயற்பியல்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்துப் பெட்டியைப் பிரித்தோம்.
வண்டிக்குதிரைக்குக் கட்டுகிற கண்பட்டி போல ஒன்று.
மாட்டிக்கொண்டால்
கம்பம், ஏணி, பதினோராயிரம் வோல்ட், மேகமில்லாத வானம்.
தப்பாகத் தொட்டால் வானம் சிவந்து எழுத்து வரும்:
நீங்கள் இறந்துவிட்டீர்கள். மீண்டும் முயல்க.

காசிராமன் நான்கு முறை இறந்தான்.
ஒவ்வொரு சாவுக்கும் விசில்.
ஐந்தாவதில் கையுறை, சோதனைக்கோல் எல்லாம் வரிசையாக,
பிழைத்துக்கொண்டான்.
ஃபோர்மேன் ராக்கப்பன்
கண்பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"இதுல ஜெனரேட்டர் எங்க மேடம்?"

எந்த ஜெனரேட்டர்?

"கானாடுகாத்தான்ல ஷூட்டிங் எடுக்கிற வீடு.
நாம லைனை நிறுத்துறோம், அவுக வண்டியைப் போடுறாக.
சுவிட்சை மாத்தணும்னு ஒருத்தருக்கும் தோணாது.
வீட்டுக்குப் போன வழியிலயே கரண்டு திரும்பி வரும்.
டிரான்ஸ்பார்மர்ல ஏறி மேல வரும்போது பதினோராயிரம்.
சின்னையா அப்படித்தான்."

யாரும் விசில் அடிக்கவில்லை.
ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் தூசியேறி நிற்கிற பைக்
யாருடையது என்று நான் ஒன்றரை வருடமாகக் கேட்டதில்லை.

மென்பொருள் கம்பெனிக்கு போன் செய்தேன்.
பணிவான குரல்:
அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம்.
அடுத்த பதிப்புக்கு முன்னால் ஐப்பசி வந்துவிடும்.

முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம்.
ராக்கப்பன் டிரான்ஸ்பார்மர், இரு கையும் அகட்டி.
ஆரோக்கியம் அந்த வீடு, முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் அவர் ஒருவரே.
காசிராமன் கரண்டு, ஓடுகிற வேலை.
சேவுகன் பிளாஸ்டிக் நாற்காலிமேல், கம்பத்தில்.

"லைன் ஆஃப்" என்றேன். காசிராமன் நின்றான்.
சேவுகன் கை நீட்டினான்.
உள்ளேயிருந்து ஆரோக்கியம் வாயாலேயே
டபடபடப என்று ஜெனரேட்டரைக் கிளப்ப,
காசிராமன் திரும்பி, வந்த வழியே ஓடி,
ராக்கப்பனின் அக்குளுக்கடியில் புகுந்து
சேவுகன் முதுகில் ஒன்று வைத்தான்.

நாற்காலி சாய்ந்தது. ஒரே சிரிப்பு.
சேவுகன் கொஞ்ச நேரம் எழவில்லை.
அவனும் சின்னையாவும் ஒரே ஏணிக்காரர்கள் என்று
பிறகு சொன்னார்கள்.

"இன்னொரு தடவை" என்றான் மண்ணிலிருந்தபடியே.
இந்த முறை எர்த் ராடு வேண்டும்.
துடைப்பக்கட்டை கிடைத்தது.
மூன்று கோட்டிலும் தொட்டு, மறுமுனையைத் தரையில் ஊன்றினான்.
பாய்ந்து வந்த காசிராமன்
கட்டையைப் பார்த்ததும் சரேலென்று அதன் பக்கமாய்ச் சரிந்து
தரையில் உட்கார்ந்துகொண்டான், சமர்த்தாக.

நாற்பது விநாடி. போனில் எடுத்துக் குழுவில் போட்டேன்.
சாயங்காலத்துக்குள் தேவகோட்டை, திருப்பத்தூர்;
மறுநாள் யாரோ முன்பின் தெரியாதவர்
எனக்கே அனுப்பிவைத்தார், "அவசியம் பார்க்கவும்" என்று.

அறிக்கையில் "பயன்படுத்திய கருவிகள்" என்ற கட்டத்தில்
கணினி, கைபேசி, கண்பட்டி, துடைப்பக்கட்டை என்று எழுதினேன்.
கடைசியதற்கு பில் கேட்டு வந்திருக்கிறது.

ஐப்பசியில் ஓர் இரவு, ஒன்றே முக்கால்.
கோட்டையூர்ப் பக்கம் மரம் சாய்ந்து லைன் போயிற்று.
குழுவில் சேவுகன் அனுப்பிய படம்:
டார்ச் வெளிச்சம், சாய்ந்த மழைக்கோடுகள்,
மூன்று கம்பியிலும் மூன்று கவ்வி,
ஈர மண்ணுக்குள் இறங்கும் ஒரு வயர்.
ஒரு வார்த்தை இல்லை.

கீழே காசிராமன்
ஒரு நாற்காலியின் படம் போட்டிருந்தான்.