எட்டு ஐந்து ரூபாய்

மேல்பாதி அழகு, கீழ்பாதி அழகு.
சேர்த்து வைத்தால்
இடப்பக்கம் வாய் பிளக்கிறது.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பின்னால்
முன்பு மிளகாய் மண்டியாக இருந்த குடோன்.
இன்னும் தும்மல் வரும்.
றெக்கை சுவரோரம் சாய்ந்திருக்க
நாலாவது சனிக்கிழமையாக
எஞ்சின் மூடியோடு மல்லுக்கட்டு.

காஸ்பர், காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவன்.
கவ்லிங் என்ற சொல் அவன் வாயில் நிற்காது.
"மொகறையைத் தூக்குக்கா.
இன்னும் ஒரு நூல். தோ, நில்லு."

பிரொப்பல்லர் கூம்புக்கும் மூடிக்கும் நடுவே
பழைய, கனத்த ஐந்து ரூபாய்
இரண்டிரண்டாக, நாலு இடத்தில்,
டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம்.
நாற்பது ரூபாய் இடைவெளி.

"கீழ எறங்கிக் கீதேக்கா, கோணலா."
இருக்கட்டும்.
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புதுசு.
ஓட ஓட அமுங்கும்,
எஞ்சின் இறங்கி வந்து மூடியோடு சேரும்.
"அதுவரிக்கும் பாக்குறவன் சிரிப்பானே?"
சிரிக்கட்டும்.

தொல்லை அது இல்லை.
உள்ளே கீல் பட்டையில் துளைகள் தயார்.
மேலே மூடியை வைத்ததும்
எது எங்கே என்று தெரியாது.
இரண்டு முறை அளந்து துளைத்து
இரண்டு முறையும் தப்பு.
ரெசின் வைத்து அடைத்த ஓட்டைகள்
அம்மைத் தழும்பாய் நிற்கின்றன.
முழங்கைவரை அரிப்பு,
தேய்த்த ஃபைபர் தூள்.

ஏழே முக்காலுக்கு கரண்ட் போனது.
கூட்ஸ் ஒன்று தரையை உலுக்கிக்கொண்டு கடந்தது.
உள்ளே விழுந்த ஸ்க்ரூவைத் தேட
காஸ்பர் தன் போனின் டார்ச்சைப் போட்டு
காற்று வாய் வழியாக நுழைத்தான்.

பெயின்ட் அடிக்காத மூடி
தேன் நிறத்தில் எரிந்தது.
நெசவு தெரிந்தது, நாங்கள் ஒட்டிய குமிழ்கள் தெரிந்தன,
கறுப்புக் கோடாய்க் கீல்,
அதன்மேல் வரிசையாக
வெளிச்சப் புள்ளிகள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"நாலு வாரமா
லைட்டைப் போட்டுக்கினு தேடிக்கீறோம்" என்றான்.

பென்சிலை எடுத்தேன்.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கூட்டல் குறி.
உள்ளே போன் அதிர்ந்தது.
மூடி முழுக்க உறுமியது, எஞ்சின் ஓடுகிற மாதிரி.
வீட்டிலிருந்து சுபிதாவாக இருக்கும்.
"இப்ப எடுத்தா வெளிச்சம் நவுந்துடும்.
நீ போடுக்கா."

பதினொன்று முடிந்தபோது
குழல்விளக்கு படபடத்து எரிந்தது.
புள்ளிகள் காணோம்.

காஸ்பர் எழுந்து போய் அணைத்தான்.
"இன்னும் ஆறு கீது."