வாடை

முதலில் சோப்பை நிறுத்தினேன்.
மல்லிகைப் படம் போட்ட நீலப்பொடியைத்
தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு
வாளிக்கு இரண்டு கரண்டி ஆப்பசோடா.
பச்சைச் சட்டை, பழுப்புக் கால்சட்டை,
காலுறை, தொப்பி.
முக்கி, கசக்கி, பிழிந்து, முகர்ந்தால்
இன்னும் நான்.

வேளச்சேரி போர் தண்ணீரில் இரும்பு வீச்சம்.
லாரித் தண்ணீரில் குளோரின் நெடி.
கேன் வாங்கி அலசினேன்.
துணிக்கா மினரல் வாட்டர் என்று
கேன் போடுகிற பையன்
படியிறங்கும்வரை சிரித்தான்.

கிண்டிக் காட்டுக்குள் ஒரு பிணைமான்
பின்னங்காலில் மாஞ்சா நூல் இறுகி
பதினோரு நாளாக நொண்டுகிறது.
எந்த மாடியில் யார் அறுத்த பட்டமோ.
மயக்க ஊசிக்கு இருபது தப்படி நெருங்க வேண்டும்.
இரண்டு முறை போனேன்.
இரண்டு முறையும்
கண்ணில் படும் முன்னே
மூக்கில் பட்டுவிட்டேன்.

துவைப்பதைவிடப் பெரும்பாடு உலர்த்துவது.
இரண்டாம் மாடியில் நெத்திலி வறுபடும்.
முதல் மாடியில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி.
பெருங்குடிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
குப்பைமேட்டுப் புகை.
ஈரத் துணி எல்லோரையும் உள்ளே விடுகிறது,
சத்திரம் மாதிரி.

சாயங்காலம் மாடிக்கு வந்தால்
கொடியில் என் சட்டை
லாவண்டர் மணக்கிறது.
"ஒரு வாசமும் இல்லாம கிடந்துச்சு பாப்பா,
பாவமா இருந்துச்சு.
எங்க வீட்டு பாட்டில்ல ஒரு மூடி ஊத்தி
அலசிப் போட்டேன்" என்றாள் இருதயமேரி அக்கா.
நன்றிக்கா என்றேன்.
வேறென்ன சொல்ல.
ராத்திரி பதினொன்றரைக்கு
மறுபடி சோடா, மறுபடி கேன்,
இந்த முறை அறைக்குள்ளேயே மின்விசிறி,
சன்னல் மூடி.
மூன்று நாளாக வெங்காயமில்லை, காபியில்லை,
தலைக்கு எண்ணெயில்லை.

நாலாம் நாள் விடியலில்
வாடைக்காற்று வடக்கிலிருந்து.
மான்கள் வடக்கே, நான் தெற்கே,
முள்ளுக்குப் பின்னே முழங்காலில்.
நாற்பது தப்படி. முப்பத்தைந்து.
அதற்குள் காற்று புரண்டு படுத்தது.

பிணை தலை நிமிர்த்தி
என் பக்கம் மூக்கை நீட்டியது.
ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.
மறுபடி நீட்டியது.
உருவம் இருக்கிறது, வாடை இல்லை.
முன்னங்கால் தரையைத் தட்டியது,
ஒரு முறை, இன்னொரு முறை,
பிறகு வெள்ளை வால்கள் மட்டும்
புதரில் மூழ்கின.
நாய்க்குக்கூட அவ்வளவு மிரளாத கூட்டம்.

எழுந்து முள்ளைத் தட்டிவிட்டுப் பார்த்தால்
தொட்டியில் குழாய் பிடித்துக்கொண்டிருந்தான் கஜபதி,
ஒப்பந்தத் தொழிலாளி, வயது இருபத்து நான்கு,
காதில் போன், யாரோடோ சண்டை.
அவனைச் சுற்றி,
ஓடிய அதே மான்கள்
தவிடு தின்றன.

"உன் சட்டையைக் குடு கஜபதி."
"மேடம்?"
"சட்டை."
போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டான்.
"துவைச்சு நாலு நாளாச்சு மேடம்."
"அதான் வேணும்."

வியர்வை, தவிடு, தொட்டிப் பாசி,
டீக்கடை, சுவரொட்டிப் பசை,
எதுவென்று தெரியாத இன்னொரு புளிப்பு.
பொத்தான் போட்டு நடந்தேன்,
ஒளியாமல், நேராக.
பதினெட்டாம் தப்படியில்
பிணை என்னைப் பார்த்துக்கொண்டே
அசை போட்டது.

நூல் இளஞ்சிவப்பு.
கண்ணாடித்தூள் சதைக்குள் மினுங்கியது.
கத்தரிக்கோலால் ஏழு வெட்டு.
கொஞ்சம் ரத்தம் கைப்பட்டியில்.
மாற்று ஊசி போட்டதும்
கால் மணி நேரத்தில் தள்ளாடி எழுந்து
திரும்பிப் பார்க்காமல் போனது.

இரவு அந்தச் சட்டை
என் கதவுக் கொக்கியில்.
துவைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.
பாட்டிலோடு வந்த இருதயமேரி அக்கா
வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.
"யாரோட சட்டை பாப்பா அது?"

எடுத்து முகர்ந்து பார்த்தேன்.
சட்டென்று சொல்ல முடியவில்லை.