மொத்த அளவு

"அந்தச் சிவப்பு மருந்து
மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது?"
ஹைகிரவுண்டில் புது டாக்டர் கேட்கிறார்.
என்னைவிடச் சின்னவர்.

ஏழு வயதில் எனக்குத் தெரிந்த அளவு வேறு.
ஊசி ஏறிய நாளில் மூத்திரம் சிவக்கும்.
ரோஸ்மில்க் என்றான்
பக்கத்துக் கட்டில் மிக்கேல்ராயன்.
அவனுக்கு எட்டு. எட்டோடு சரி.

ஃபைல் இருந்தது சார்,
சிந்துபூந்துறை வீட்டில், பீரோ கீழ்த்தட்டில்.
ஆறு உள்ளே வந்த இரவு
ரேஷன் கார்டைத் தூக்கினோம்,
மிக்ஸியைத் தூக்கினோம்.
வடிந்தபின் திறந்தால்
நீல மை எல்லாம் ஒரே மேகம்.

டவுண் ஆர்ச் பக்கம்
செராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
பதினோரு வருஷமாக
ஊரார் பட்டாவையும் மார்க் ஷீட்டையும்
முன்னும் பின்னும் நகலெடுக்கிறேன்.
என்னுடையதை எடுக்கவில்லை.
"கொணமான பிள்ளைக்கு எதுக்குட்டி பழைய தாளு" என்பாள் அம்மா.
பெண் பார்க்க வருகிறவர் கண்ணில் பட்டுவிடும் என்பதை
அவள் சொன்னதில்லை.

எக்கோ திரையில்
கொஞ்சம் சோம்பலாகத்
திறந்து திறந்து மூடுகிறது.
நாற்பத்தெட்டு சதவீதம்.
மாத்திரை எழுதுகிறார்.
கல்யாணம் ஆயிட்டா என்று கேட்டு
அதையும் எழுதுகிறார்.

அளவு தெரியாது சார்.
ஈரடுக்குப் பாலத்தைப் போன வருஷம் வரை
சைக்கிள் மிதித்தே ஏறினேன்.
இப்போது பாதியில் இறங்கி உருட்டுகிறேன்.
அந்தப் பாதி
எத்தனையாவது விளக்குக்கம்பம் என்று
வேண்டுமானால் சொல்கிறேன்,
எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு நகல் வேண்டும்.