அந்தோனியார் கலண்டர்

உங்கள் பெயரை அன்று நான் கேட்கவில்லை.
கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டி வந்துவிடும் என்று
ஒரு பயம்.

ஜம்பட்டா வீதியில் இறங்கி
சவப்பெட்டிக் கடைக்கும் தேங்காய்க் கடைக்கும் நடுவே
ஆள் சரிந்து நுழையும் முடுக்கில்
ஏழாம் கதவு.
நீங்கள் வந்தபோது பெயின்ற் காயவில்லை.
எங்கள் சாமான்களைச் சாக்கால் மூடிவிட்டு
முதல்நாள் இரவே அடித்துவிட்டார் ஜெரோம் ஐயா.
இளம்பச்சை.
நாங்கள் வரும்போது நீலம்,
எங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு என்னவோ றோசா.
நகத்தால் சுரண்டினால்
எத்தனை குடும்பம் அங்கே இருமியது என்று
எண்ணிவிடலாம்.

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு
யன்னலைத் திறந்தீர்கள்.
அடுத்த வீட்டுச் சுவர் முகத்துக்கு நேரே நின்றது.
ஒரு முழம்கூட இல்லாத அந்த இடுக்கில்
போன மாதத்து மழை போக வழியில்லாமல் கிடந்தது.
"காற்று வருமா அக்கா?"

இரண்டு வருடம் இருந்தோம்.
மே மாதம் முழுக்கச் சுவர் வியர்க்கும்.
தலையணை ஈரம், பள்ளிக்கூடச் சப்பாத்து ஈரம்,
அலுமாரியைத் திறந்தால் உடுப்பெல்லாம்
அழுகின கிழங்கு மணம்.
கட்டிலுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி.
எமில் அதைப் பென்சிலால் சுற்றித் திகதி போட்டான்.
அடுத்த கிழமை கோட்டைத் தாண்டியது.
மறுபடி கோடு, மறுபடி திகதி.
அவனுடைய கொப்பியில் இருந்த இலங்கைப் படத்தைவிட
அது பெருத்தபோது
ஆணி அடித்துக் கலண்டரை மாட்டினேன்,
கொச்சிக்கடை அந்தோனியார்,
கையில் பாலன்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பி உட்காருவான்.
தோள்கள் காதுவரை ஏறும்.
விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்
உள்ளே போய் வரும்.
பம்ப்பைக் குலுக்கியபடி நான் மூச்சை எண்ணுவேன்,
நிமிடத்துக்கு நாற்பத்திநாலு.
ஆட்டோ ஃபாறூக் நானா
எங்கே போக என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

டொக்டர் நல்லவர். ஒவ்வொன்றாய்க் கேட்டார்.
வீட்டில் பூனை இருக்கா?
கம்பளம்?
யாரும் சிகரெட் குடிக்கிறதா?
இல்லை, இல்லை, இல்லை.
சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
சுவருக்கு யார் துண்டு எழுதுவார்?

எழுபத்தையாயிரம் அட்வான்ஸ்.
"அடுத்த ஆள் காசு வைச்சாத்தான் உங்கட காசு"
என்றிருந்தார் ஜெரோம் ஐயா.
வத்தளையில் இரண்டு யன்னலுள்ள மேல்மாடி அறை
சனிக்கிழமை மட்டும் எனக்காகக் காத்திருந்தது.
நீங்கள் வந்தது வெள்ளி.

"வரும்," என்றேன். "நல்ல காற்று."

பெயின்ற் அடித்த பிறகும்
அதே ஆணியில் கலண்டரை மாட்டியது நான்தான்.
போகும்போது கழற்றவுமில்லை.
ஒரு புனிதரை நிற்கவைத்துப்
பொய் சொல்ல வைத்தேன்.

இங்கே எமில் விடியும்வரை நித்திரை கொள்கிறான்.
உடுப்பு காய்கிறது, உப்புப் போத்தல்கூடக் காய்ந்திருக்கிறது.
இரண்டு மணிக்கு
நான்தான் எழும்பி உட்காருகிறேன்.

இன்று கிளினிக்.
மாதம் ஒருக்கா வந்து காட்டச் சொன்னதால்
பொரளைக்கு இரண்டு பஸ் மாறி வந்தோம்.
வாங்கில் இடமில்லை.
மிஸ்ஸி கூப்பிட்டா:
"முப்பத்தொன்று. யதுஷ்கா."
மூலையில் இருந்து நீங்கள் எழும்பினீர்கள்.
குழந்தையின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

யதுஷ்கா.
கேட்காமலே தெரிந்துவிட்டது.

கதவு பாதி திறந்திருந்தது.
பூனை? இல்லை.
கம்பளம்? இல்லை.
சிகரெட்? இல்லை டொக்டர், அவர் தொடுறதே இல்லை.

என் இலக்கம் முப்பத்தாறு.
எமிலின் கையை விட்டுவிட்டு எழும்பினேன்.
மிஸ்ஸி குறுக்கே கையை நீட்டினா.
அவவின் கைக்கு மேலால்
வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னேன்:

கட்டிலுக்கு மேல அந்தோனியார் இருக்கிறார்,
அவரைக் கழற்றிப் பாருங்கோ.
பச்சைக்குக் கீழ பென்சில் கோடு இருக்கும்,
திகதி இருக்கும்.
அது என்ட மகன்ட கையெழுத்து.