என்ன முறை

பேஸ்லைன் வீதியில், விடியப்புறம் நாலரைக்கு,
ஒரு டிப்பர் அடித்துவிட்டுப் போயிருந்தது.
மீன்பிடிப் பூனை. பெட்டை. மடியில் பால்.
அளந்தேன், படம் எடுத்தேன்,
படிவத்தில் "காரணம்: வாகனம்" என்று எழுதினேன்.
இந்த வருசத்தில் ஏழாவது படிவம்.

துண்டுப்பிரசுரம் மூன்று மொழியிலும் அடித்தோம்.
கொலன்னாவையில் அதில் வடை சுற்றிக் கொடுத்தார்கள்.
எனக்கும் ஒன்று கிடைத்தது; எண்ணெய் ஊறிப்
பூனையின் ஒரு கண் மட்டும் மினுங்கியது.

ஒப்பாரி வைத்தால் என்ன என்று
கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நான் இல்லை.
பவளக்கொடியைத் தேடி, தெமட்டகொடை ஃப்ளாட்டில்
ஒன்பது மாடி ஏறினேன். லிஃப்ட் பழுது.
பகலில் பெரியாஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள்.
இரவில் சாவீட்டுக்குக் கூப்பிட்டால் போவாள்.
காசு பேசினாள், பஸ் காசு தனி என்றாள்,
பிறகு கேட்டாள்:
"செத்தது யாரு?"

படத்தைக் காட்டினேன்.
விஞ்ஞானப் பேரைச் சொன்னேன்.
சிங்களத்தில் ஹந்துன் திவியா என்றேன்.
"அதில்லங்க. எனக்கு அது என்ன முறை?
அக்காவா, கொழுந்தியா, சம்பந்தியா?
முறை தெரியாம வார்த்தை வராது.
கத்தலாம். அது வெறும் சத்தம்."

என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தை விரித்தேன்.
சதுப்பு பச்சை. பூனைகள் சிவப்புப் புள்ளி.
அவள் ஒரு புள்ளியில் விரலை வைத்தாள்.
"இது எங்க வீடு."

கான் ஓரத்துத் தகரக் கொட்டில்.
கதவில் சிவப்பு மையால் எண் அடித்து,
சாமானையும் பிள்ளைகளையும் ஒரே லொறியில் ஏற்றி
இங்கே கொண்டுவந்து அடுக்கினார்களாம்.
"கோழி பிடிக்க வரும். நெத்தியில கோடு கோடா.
ரெண்டு தரம் வெளக்குமாத்தால அடிச்சிருக்கேன்.
லொறி ஏத்துன அன்னிக்கு
கூரை மேல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பக்கத்து வீட்டுக்காரி. சரி, வர்றேன்."

ஞாயிறு அந்தி, பாலத்தடி.
யோகன் தப்புக் காய்ச்ச வைக்கோல் தேடினான்.
கொழும்பில் எங்கே வைக்கோல்?
மிச்சமிருந்த துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன்.
நன்றாகத்தான் எரிந்தது.
சாவு என்று நினைத்து
எதிர்க்கடைக்காரர் ஒரு கதவைச் சாத்தினார்.
அவள் கொண்டையை அவிழ்த்தாள்.

   கோடு போட்ட நெத்திக்காரி – எங்
   கோழி தின்ன கள்ளி
   எனக்கு வீடு ஒம்பதாம் மாடி – ஒனக்கு
   எந்த மாடி தந்தாங்கடி
   கையெழுத்துக் கேக்கலியே – ஒரு
   கடுதாசி காட்டலியே
   டயரு வச்ச கோடுதானோ – ஒங்
   காணிக்கு உறுதியின்னு

நிதி தருகிற அலுவலகத்துப் பெண் காதருகே குனிந்தாள்:
"அந்தக் கோழித் திருட்டை எடுத்துவிடலாமா?
வீட்டுக் கதையும் வேண்டாமே. அது அரசியல்."
தப்புச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சைகை செய்தேன்.
கேட்டது.

தமிழே தெரியாத மீன்கார அம்மா
முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு
யார் செத்தது என்று சிங்களத்தில் விசாரித்தாள்.
பூனை என்றதும் சிரித்தாள்.
சிரிப்பு முடியுமுன் மறுபடி அழுதாள்.

அதற்காக டிப்பர்கள் நிற்கவில்லை.
இரவில் இன்னும் சதுப்பில் மண் கொட்டுகிறார்கள்.
எட்டாவது படிவமும் எழுதியாயிற்று. ஆண்.

ஆனால் போன கிழமை, இரவு ரெண்டு மணிக்கு,
துண்டுப்பிரசுரத்தில் பெரிதாய்ப் போட்டும்
ஒருவரும் அழைக்காத எங்கள் இலக்கத்துக்கு
ஒரு திரீவீல்காரன்:

"மிஸ், அந்தப் பக்கத்து வீட்டுக்காரிட ஆள் ஒண்டு
நடுரோட்டில நிக்குது. சின்னது.
மகளா இருக்கும்.
நான் வீலைக் குறுக்கால போட்டிருக்கன்.
பின்னுக்கு நாலு டிப்பர், ஹோர்ன் அடிக்கிறாங்கள்.
கெதியா வாங்க."