எழுபது

கப்பலூர் எடைமேடை மென்பொருளில்
ஒரே ஒரு ஃபங்ஷன்,
ஆயிரத்து நானூறு வரி.
எழுதிய ஜெயசுதன் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம்.
போகும்போது மேலே ஒரு குறிப்பு வைத்திருந்தான்:
"தொடாதே. ஓடுது."

ஓடத்தான் செய்தது.
பருத்தி விதை, நெல், ஜல்லி, பழைய இரும்பு,
எல்லா லாரிக்கும் சீட்டு வந்தது.

திருநகரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் எங்கள் மாடி.
ஏசி பாதி நேரம் வெறும் சத்தம்.
முதல் பத்து நாள் நான் எதையும் மாற்றவில்லை,
சோதனைகள் மட்டும் எழுதினேன்:
இந்த வண்டி இந்தச் சுமையோடு வந்தால்
நேற்று என்ன சொன்னாயோ
அதையே இன்றும் சொல்.
சரியா தப்பா என்று கேட்கவில்லை.

முந்நூற்றுப் பதினெட்டும் பச்சை.
பிறகுதான் கத்தரியை எடுத்தேன்.
மூன்று இடத்தில் கிடந்த ஒரே கணக்கு ஓரிடம் வந்தது.
யாருமே கூப்பிடாத நாற்பது வரி போனது.
ஒன்றும் ஆகவில்லை,
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

வியாழன் மத்தியானம், மழை வரும்போல இருட்டு,
இப்படி ஒரு வரி:
வண்டி எண் 4417 என்றால்
எழுபதைக் கழி.

திருட்டுக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.
அழித்தேன்.
ஒரே ஒரு சிவப்பு.

எடைமேடைக்குப் போன் போட்டேன்.
சீட்டு அடிக்கும் பாண்டியம்மாள் சிரித்தார்:
"அது ஒச்சுக்காளை அண்ணன்ங்க.
கால்ல கம்பி வச்சிருக்கு.
மத்த டிரைவருக இறங்கிருவாக,
இவரு உள்ளயே இருப்பாரு.
வெறும் வண்டி எடை முன்னயே பதிஞ்சதுல்ல,
அதான் இவரு எடையக் கழிக்கிறது."

எட்டு வருஷமாக
ஒரு ஆள் இந்தக் கணக்குக்குள்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

வரியைத் திரும்ப வைத்தேன்.
எழுபதுக்கு ஒரு பெயர் வைத்தேன்:
இறங்காத ஓட்டுநர் எடை.
பச்சை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.
பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
"தாயி, எழுபதெல்லாம் அப்ப.
சுகர் வந்து இப்ப அறுவதுதான் தேறும்.
மாத்தி விட்டுரு."

விரல் போய்விட்டது, அந்த ஏழின் மேல்.
நிறுத்திக்கொண்டேன்.
ஒட்டடை அடிக்கிற அன்றைக்குச்
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அன்றைய வேலையைச் சேமித்து மூடிவிட்டு
நாளைய பட்டியலில் குறித்தேன்:

ஒச்சுக்காளை, பத்துக் கிலோ குறைவு.
முதலில் சோதனை.
அது சிவக்கட்டும்.